தலையாட்டிய பெயர்

டிங்.

ஆக்சுவலி என்று சொன்னதற்காகக் குருமூர்த்திக்கு அடித்த மணி அது. மனுசன் அக்கவுண்ட்ஸில் இத்தனை வருசமும் ஆக்சுவலியை ஊன்றிக்கொண்டே நடந்தவர், ஐம்பது தாண்டிய வயசில் அதைப் பிடுங்கிக்கொண்டால் எப்படி நடப்பார், வாயைத் திறந்தபடி அடுத்த வாக்கியத்தின் வாசலிலேயே நின்றுவிட்டார். மணிக்குச் சொந்தக்காரி ரூபா மேடம். பெங்களூரிலிருந்து வந்து நேற்றிலிருந்து இந்தச் சரவணம்பட்டி ஆபீசுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறார். நாற்காலிகளை ப வடிவத்தில் போடச் சொல்லி, நடுவில் ஒரு மேசை, மேசைமேல் ஹோட்டல் கவுண்டரில் ஆளைக் கூப்பிடத் தட்டுவார்களே அந்த மாதிரி ஒரு மணி. பேசுகிறவர் மேசைப் பக்கத்தில் வந்து நிற்கவேண்டும். ஆ என்று இழுத்தால் மணி, ம்ம் என்றால் மணி, வந்து போயி என்றால் மணி. வாய் சும்மா போடுகிற சத்தமெல்லாம் அரிசியில் கிடக்கிற கல், பொறுக்கிப் போட்டுவிட்டால் பேச்சு மல்லிகைப்பூவாட்டம் இருக்கும் என்கிறார் மேடம். கோகிலவாணி ப-வின் வலதுகால் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கல்லைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். ஊர் உலகத்தில் எல்லார் அரிசியிலும் நாலு கல் கிடக்கும், சரி, ஒத்துக்கொள்கிறோம். மூட்டை முழுக்கக் கல்லாகவே இருக்கிறவள் எந்த முறத்தில் புடைப்பாள்? கடைசிப் பயிற்சி இது. எழுந்து வந்து பேரைச் சொல்லவேண்டும், என்ன வேலை பார்க்கிறோம் என்று சொல்லவேண்டும், வேலையிடத்தில் தனக்கு வேண்டியது ஒன்றைக் கேட்கவேண்டும், கெஞ்சவும் கூடாது அதட்டவும் கூடாது. பின்னால் உள்ள இரண்டும் கிடக்கட்டும். முதலில் இருக்கிறதே, பேர், அதுதான் நேற்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவிடாமல் தொண்டையில் உட்கார்ந்திருக்கிறது. குருமூர்த்திக்கு அப்புறம் சுகந்தி அக்கா, அக்காவுக்கு அப்புறம் அவள். முறை என்பது இடது பக்கத்திலிருந்து ஒவ்வொரு நாற்காலியாக நகர்ந்து வந்துகொண்டிருக்கிறது, பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொல்லும்போது வருமே அதே மாதிரி, பெஞ்சு பெஞ்சாக, தன் பத்தி எது என்று முன்கூட்டியே எண்ணிப்பார்த்து, அந்தப் பத்தியில் க, கா, கோ என்று கானாவில் தொடங்குகிற சொல் எத்தனை இருக்கிறது என்று தேடி வைத்திருப்பாள், கடைசியில் டீச்சர் அவளைத் தாண்டிப் போய்விடுவாள். தாண்டிப் போனதும் வருகிற நிம்மதி இருக்கிறதே, அதைப் போலக் கேவலமான நிம்மதி உலகத்தில் கிடையாது.

மற்ற எழுத்தெல்லாம் ஒருமாதிரி தள்ளிக்கொண்டு போகும், சில நாள் நன்றாகவே போகும். கானா மட்டும் போகாது. கானாவைக் கண்டால் தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்தி உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுவிடுகிறார்கள், இவள் வெளியே நின்று தோளால் இடிக்கவேண்டும், இடிக்கிறது முகத்தில் தெரியும், கண் தானாக மூடும், தாடை கோணும், எதிரே இருப்பவர் உடனே தரையைப் பார்ப்பார் அல்லது கைபேசியைப் பார்ப்பார். அதனால் அவள் சின்ன வயசிலேயே ஒரு வேலை கற்றுக்கொண்டாள், அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பேசப்போகிற வாக்கியத்தை நாலு சொல் முன்னாலேயே எட்டிப்பார்த்து, கானா வருகிறதா, வந்தால் அதைத் தூக்கிவிட்டு வேறு சொல்லை வைத்துவிடுவாள். கடைக்குப் போகிறேன் என்று வராது, ஷாப்புக்குப் போறேன் என்று வரும். கல்யாணம் என்று வராது, மேரேஜ் என்று வரும். இவளுக்கு ஆங்கில மோகம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். கணபதி என்கிற ஏரியாவில் வீடு, ஆனால் பஸ்ஸில் கண்டக்டரிடம் அந்தப் பேரைக் கேட்க முடியாது, ஒரு ஸ்டாப் தள்ளி நாக்குக்கு இணங்கிய பேராகச் சொல்லி இறங்கித் திரும்பி நடப்பாள், மழையிலும் நடந்திருக்கிறாள். இன்றைக்குக் காலையில் கேன்டீனில் முன்னால் நின்றவருக்குக் காபி ஆற்றுகிற வாசனை வந்தது. அவளுக்குக் காபி என்றால் உயிர். வீட்டில் தினமும் அதுதான், கேட்காமலே அம்மா கொடுத்துவிடுவாள். முறை வந்ததும் டீ என்றாள். இந்த ஆபீசில் சேர்ந்ததிலிருந்து அந்தக் கசாயத்தைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறாள், பிடிக்காமல், மூக்கைப் பிடித்துக்கொண்டு, டீ என்ற சொல் சுலபமாக வருகிறது என்கிற ஒரே காரணத்துக்காக. இதெல்லாம் வெளியே யாருக்கும் தெரியாது. கூச்ச சுபாவம், அமைதியான பொண்ணு, அதிகம் பேசாது, அவ்வளவுதான் தெரியும். எல்லாச் சொல்லையும் மாற்றலாம். மாற்ற முடியாதது ஒன்றே ஒன்று, அதைத்தான் அப்பா கானாவில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து ரேடியோவைக் கட்டிக்கொண்டு கிடந்த மனுசன், மகள் குரல் குயிலாட்டம் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு வைத்த பேர் கோகிலவாணி. குயில் திக்கியதைப் பார்த்ததும் வசம்பை உரசி நாக்கில் தேய்த்தார், கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொன்னார், கல்லை முழுங்கிவிட்டாளோ என்று ஒரு ராத்திரி முழுக்கப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். அவர் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. பேரின் மேலும் இல்லை, நல்ல பேர்தான். தனியாக இருக்கும்போது மொட்டைமாடிப் படியில் வருகிற பூனையிடம் அந்தப் பேரைத் தங்குதடையில்லாமல் சொல்லுவாள்.

டிங். குருமூர்த்தி வந்து என்று சொல்லிவிட்டார். மேடம் சிரித்தபடியே, "மூச்சு எடுத்துக்கங்க சார், மௌனம்தான் பேச்சாளரோட பலம்," என்றார். மௌனம் பலமாம். அப்படியானால் இந்த ஹாலில் தன்னைவிடப் பலசாலி யார் என்று கோகிலவாணிக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது, ஏனென்றால் பக்கத்து நாற்காலியில் சுகந்தி அக்கா சேலை மடிப்பைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டாள். சுகந்தி அக்கா. தங்கமான மனுசி, அதில் ஒரு சொட்டுச் சந்தேகம் வேண்டாம். அம்மாவுக்குக் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தன் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து கூடவே உட்கார்ந்திருந்தவள். புளிசாதம் கட்டினால் இரண்டு டப்பா கட்டுகிறவள். கோமதி என்கிற பேரைப் பெற்றெடுத்தவளும் அவளேதான். இந்த ஆபீசில் சேர்ந்த முதல்நாள் இதே ஹாலில் வட்டமாக நிறுத்தி அவரவர் பேரைச் சொல்லச் சொன்னார்கள், யாருடைய யோசனையோ, அவர்கள் வாயில் மண் விழ. இவள் முறை வந்தது, என் பேரு கோ என்றாள், அந்தக் கோ என்கிற எழுத்திலேயே கதவு சாத்திக்கொண்டது. கோ, கோ, கோ. ஒருத்தன் இருமினான். பக்கத்தில் நின்ற அக்காவுக்குப் பொறுக்கவில்லை, பிள்ளை தண்ணீரில் தத்தளித்தால் யாருக்குத்தான் பொறுக்கும், கையைப் பிடித்துக்கொண்டு, "கோமதியா கண்ணு?" என்றாள். அந்த நேரத்தில் கோட்டான் என்றிருந்தாலும் இவள் தலையாட்டியிருப்பாள். தலையாட்டினாள். கதவு, வட்டம், இருமல், எல்லாம் ஒரே நொடியில் விட்டுப்போனது, முறை அடுத்த ஆளுக்குப் போனது, ஆகா என்ன ஒரு சுகம். அடையாள அட்டை வந்ததும் அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கோகிலவாணின்னு போட்டிருக்குது. அப்ப கோமதிங்கறது வீட்டுல கூப்பிடற பேருங்களா?" என்று கேட்டாள். அதற்கும் தலையாட்டினாள். ஒரு தலையாட்டலை இன்னொரு தலையாட்டல்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அப்புறம் மேனேஜர் கோமதி என்றார், செக்யூரிட்டி கோமதி என்றார், பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிக் கோமதி என்று கிரீமில் எழுதி வைத்தார்கள், அந்த எழுத்தின் மேலேயே கத்தியை வைத்து வெட்டி, மதி என்று எழுதியிருந்த துண்டை அவளுக்கே ஊட்டிவிட்டார்கள். தின்றாள். இனிப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மாடிப்படியில் உட்கார்ந்தபோதுதான் நெஞ்சைக் கரித்தது. யாரோ கோமதி என்று ஒருத்தி தன் நாற்காலியில் உட்கார்ந்து தன் சம்பளத்தை வாங்கித் தன் கேக்கைத் தின்றுகொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. அந்தக் கோமதி நல்லவள், யாருக்கும் தொந்தரவில்லாதவள், திக்கமாட்டாள், ஏனென்றால் பேசவே மாட்டாள்.

இப்போது அந்தக் கோமதிக்குத் திங்கட்கிழமை ஒரு வேலை வந்திருக்கிறது. பக்கத்தில் நிற்கிற வேலை. விசயம் இதுதான். ஆஸ்பத்திரிகளுக்கு ஃபோன் செய்தால் ஒரு குரல் பேசும், எலும்பு டாக்டருக்கு ஒன்றை அழுத்து, கண்ணுக்கு இரண்டை அழுத்து என்று, அந்த மெஷினைச் செய்து கொடுப்பதுதான் இந்த ஆபீஸ். அந்தக் குரல் பேசுகிற தமிழை எழுதுகிறவள் கோகிலவாணி. குரல் வேறு யாரோ ஒருத்தியுடையது, பாவிமகள் ஒரு இடத்திலும் திக்கமாட்டாள். புதிதாக ஒரு ஆஸ்பத்திரிக்கு எண்ணை அழுத்தாமல் வாயால் சொன்னாலே போதும் என்று மெஷின் செய்தார்கள். சோதனைக்கு வந்த அழைப்புகளை இவள் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வயசானவர். "என்ர சம்சாரத்துக்குங்க," என்றார், அப்புறம் நிறுத்தினார், மூச்சு வாங்குவது கேட்டது, வியாதியின் பேரைத் தேடுகிறார், வாய்க்குள் தடவித் தடவித் தேடுகிறார், அதற்குள் மெஷின், மன்னிக்கவும் உங்கள் பதில் புரியவில்லை என்றது. மறுபடி அவர், மறுபடி மன்னிக்கவும். கடைசியில் நன்றி சொல்லி மெஷினே லைனைத் துண்டித்துவிட்டது. கோகிலவாணி ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அழவில்லை, ஆத்திரம்தான். பேச முடியாததை மெயிலில் எழுதினாள், பக்கம் பக்கமாக எழுதினாள், ஆள் சொல்லைத் தேடும்போது மெஷின் குறுக்கே விழக்கூடாது, காத்திருக்கவேண்டும், சும்மா இருந்தால் லைன் செத்துப்போனதோ என்று பயப்படுவார்கள், அதனால் நடுவில் மெல்ல ஒரு வார்த்தை, "இருக்கறேனுங்க, மெதுவாச் சொல்லுங்க." அவ்வளவுதான். அதைப் போட்டார்கள். போட்டதும் பாதியில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் குறைந்தே போனார்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் அசந்துவிட்டார்கள், திங்கட்கிழமை நேரில் வந்து இது எப்படி வந்தது என்று கேட்கப் போகிறார்கள். பிடித்துவிட்டால் அவர்களுடைய மற்ற ஊர் ஆஸ்பத்திரிகளுக்கும் இதே. பேசுகிறவர் பேரில்தான் அந்த வேலை முழுக்கவும் நிற்கும். மேனேஜர் தங்கவேல் சார் காலையில் கூப்பிட்டு, "நீ எழுதுனது அருமைங்கம்மிணி. ஆனா பேசறதுக்கு நிவாஸ் இருக்கட்டும். நீ பக்கத்துல நில்லு, அவனுக்கு ஏதாச்சும் மறந்தா எடுத்துக்குடு," என்றார். இவள் தலையை ஆட்டவில்லை. ஆட்டாமல் நின்றதே அவருக்கு வினோதமாகப் பட்டிருக்கவேண்டும், "சரி, சாயங்காலம் ட்ரெயினிங்ல எப்படிப் பேசறேன்னு பாத்துட்டுச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, இதோ ஹாலின் பின்பக்கம் ஒரு நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

கூட வேலை பார்க்கிற அந்த நிவாஸ் முதலிலேயே பேசி முடித்துவிட்டான். ஒரு மணி விழவில்லை. கெட்டவன் இல்லை அவன், பேச்சு வெண்ணெயாக வருகிறது, அது அவன் குற்றமா. திங்கட்கிழமையும் அப்படித்தான் பேசுவான், வாடிக்கையாளர் அனுபவம் என்பான், ஆய்வு என்பான், அவர்களும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள், அந்த வயசானவரின் மூச்சு மட்டும் அதில் இருக்காது. அந்த மூச்சு எப்படிப்பட்டது என்று அவனுக்கு எங்கே தெரியும், அவனை யார் பாதியில் துண்டித்தார்கள். குருமூர்த்தி எப்படியோ கரையேறி, ஏசியின் குளிரைக் குறைக்கவேண்டும் என்று கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுகந்தி அக்கா எழுந்து போனாள். அடுத்தது கோகிலவாணி. தந்திரம் நிறையக் கைவசம் இருக்கிறது. தொடையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே சொன்னால் சில சமயம் வரும். மெஷின்காரியின் குரலில் ராகம் போட்டுச் சொன்னால் நிச்சயம் வரும், காலையில் குளியலறையில் சொல்லிப்பார்த்தாள், அட்சரசுத்தமாக வந்தது, ஆனால் அது மெஷின்காரி சொன்ன பேர், இவள் சொன்னதில்லை. தொண்டை கட்டிக்கொண்டது என்று சைகை காட்டலாம். ஃபோன் வந்த மாதிரி வெளியே போகலாம். எல்லாவற்றையும்விடச் சுலபம் என் பேரு என்று சொல்லி நிறுத்தினால் போதும், அக்கா முடித்துவிடுவாள். சரியாகச் சொன்னால் அதுதான் இத்தனை காலமும் நடந்திருக்கிறது. உதவி செய்து உதவி செய்தே ஊமையாக்கிவிட்டார்கள். வாய் இவளுடையது, சொல் ஊராருடையது. இவள் உதடு அசைந்தால் எதிரே நாலு உதடு சேர்ந்து அசைகிறது, கதவை இவள் இடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடிவந்து ஆளைத் தூக்கிப் போய்விடுகிறார்கள், கதவு அப்படியே சாத்தியபடி நிற்கிறது. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், சும்மா நின்றிருந்தால் போதும். மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்கிறது. மனுசருக்கு யார் சொல்லிக்கொடுப்பது. நான்தான் சொல்லிக்கொடுக்கணும் என்று தோன்றியபோது அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. பேசக் கற்றுக்கொடுக்க பெங்களூரிலிருந்து ஆள் வருகிறது, கேட்கக் கற்றுக்கொடுக்க ஆளே இல்லையே. திக்கட்டும். தாடை கோணட்டும். கோணினால் என்ன, என் தாடைதானே. பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை, வயிற்றில் அப்படியேதான் கிடக்கிறது, ஆனால் அதற்குப் பக்கத்தில் கோபமும் வந்து உட்கார்ந்துகொண்டது, இரண்டில் கோபம்தான் கொஞ்சம் பெரிய ஆளாகத் தெரிந்தது. அக்கா தன் பேச்சை முடித்துக்கொண்டு வந்து அமர்ந்து, இவள் முழங்காலைத் தட்டி, "பயப்படாத கண்ணு, நான் இருக்கறேன்," என்றாள்.

"வாங்க கோமதி," என்றார் ரூபா மேடம். போனாள். மேசைப் பக்கத்தில் வந்தபோது ஹால் ரொம்பப் பெரிசாக இருந்தது. "எல்லாருக்கும் வணக்கம். என் பேரு," என்றாள். அதுவரை வழுக்கிக்கொண்டு வந்தது. அப்புறம் கதவு. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் அவளுக்கே கேட்டது. இடித்தாள். கண் மூடியது, வலுக்கட்டாயமாகத் திறந்தாள். குருமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கவேல் சார் கைபேசியை எடுத்துவிட்டார். அக்காவின் உதடு குவிந்தது, விரிந்தது, பாவம் அவளால் எப்படி முடியும், மெல்லச் சொல்லிவிட்டாள், "கோமதி." ஹால் முழுக்க ஒரு பெருமூச்சு, நல்லவேளை முடிந்தது என்று. மேடமும் சரி என்று புன்னகைத்து அடுத்த கேள்விக்குத் தயாரானார். கோகிலவாணியின் தலை அசைந்தது. பழகிய தலை, மேலும் கீழும் போகத்தான் அதற்குத் தெரியும், ஆனால் இந்தத் தடவை வலதுபக்கம் போனது, இடதுபக்கம் போனது, மறுபடியும் வலதுபக்கம். அக்காவின் முகம் விழுந்தது. வலித்தது, அக்காவை அப்படிப் பார்க்க நிஜமாகவே வலித்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "ஆ, கோ, ஆ," என்று தொடங்கினாள். டிங். மேடத்தின் விரல் பழக்கதோசத்தில் போய்விட்டது. கோகிலவாணி மணியைப் பார்த்தாள். கையை நீட்டி அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள், சூடான பாத்திரத்தை மூடுகிற மாதிரி நிதானமாக. பித்தளை சில்லென்று இருந்தது. மேடம் விரலை எடுத்துக்கொண்டார்.

"கோ, கோ," என்றாள். "கோ." ஏசி ஓடியது. யாரோ நாற்காலியில் அசைந்தார்கள். அவள் யாரையும் விடாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "கோகிலவாணி." அது குயில் மாதிரி வரவில்லை. கிழிந்துகொண்டு வந்தது, எச்சில் தெறிக்க வந்தது, வந்துவிட்டது. "கோ, கோமதி இல்லீங்க. எப்பவுமே இல்ல. அக்கா சொன்னாங்க, நான் தலையாட்டிட்டேன்." அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரி மெஷின் பேசறது நான் எழுதுனது. அது ஏன் பொறுமையா நிக்குதுன்னு எனக்குத்தான் தெரியும். எனக்கு வேணுங்கறது ஒண்ணு. திங்க, திங்க, திங்கட்கிழமை நான்தான் பேசுவேன். நிவாஸ் பக்கத்துல நிக்கட்டும். எனக்கு யாரும் எடுத்துக்குடுக்க வேண்டாம்."

தங்கவேல் சார் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். அவர் மோசமான ஆள் இல்லை, கணக்குப் போடுகிற ஆள். "பேசுங்கம்மிணி, வேண்டாங்கல," என்றார். "ஆனா வர்றவங்க பெரிய டாக்டருங்க. அவசரத்துல வருவாங்க. நீ ஒவ்வொரு வார்த்தைக்கும் இத்தனை நேரம் எடுத்தா அவங்க என்ன பண்ணுவாங்க?"

பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது. பொறுத்துக்கட்டும். சுலபமான சொல், பானாவில் தொடங்குகிறது, வாயைத் திறந்தால் விழுந்துவிடும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நாலு சொல் முன்னால் எட்டிப்பார்த்து மாற்றி வைக்கிற அந்தப் பழைய வேலைக்காரி தன் வேலையைச் செய்துவிட்டாள். கோகிலவாணி அந்தச் சொல்லை ஒதுக்கித் தள்ளினாள். அவள் சொல்ல நினைத்த சொல் அது இல்லை. நினைத்த சொல் கானாவில் தொடங்கியது. உள்ளங்கை மணியின் மேல் இருந்தது.

"கா," என்றாள். தாழ்ப்பாள் விழுந்தது. "கா. கா."

அக்காவின் உதடு குவியப் போனது. குவியவில்லை. குருமூர்த்தி தரையிலிருந்து தலையைத் தூக்கினார். ரூபா மேடம் கையை மடியில் வைத்துக்கொண்டார். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. தங்கவேல் சார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் அவசரப்படவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள்.